தண்ணி கேட்கிற பேஷண்ட்

உங்க அக்காவுக்கு நீங்க ரெண்டு பேரும் போலீஸ் என்று பேர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். காய்ச்சலில் படுத்திருந்தால் படுத்தபடியே தண்ணி குடிக்க விடமாட்டாள். எழுப்பி உட்கார வைப்பாள், முதுகுக்குத் தலகாணி முட்டுக் கொடுப்பாள், டம்ளர் காலியாகும் வரைக்கும் உங்க தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "திருடன் நகையை முழுங்கிட்ட மாதிரி பாக்குறா" என்று போன வாரம் சின்னவன் சொன்னான். நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் ஏன் அப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன். டிப்பர் லாரி ஓட்டுகிற உங்க அப்பா எழுதுவது. முன்னே பின்னே இருந்தால் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்க அம்மா இறந்தபோது நீங்க சின்னப் பிள்ளைகள். விக்கிரமங்கலத்தில் மாமா வீட்டில் விட்டிருந்தோம். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. ஒரு நாள் காலையில் பருத்தி எடுக்கப் போனவள் காட்டிலேயே விழுந்துவிட்டாள். வலது கையும் காலும் வரவில்லை, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பேச்சு நின்றுபோனது. அரியலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பொம்பளைங்க வார்டில் சேர்த்தார்கள். அங்கே பார்வை நேரம் தவிர ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள். துணைக்கு ஒரு பொம்பளை இருக்கலாம். பகலில் உங்க அக்கா இருந்தாள், ராத்திரி உங்க அத்தை. நான் வெளியே மரத்தடியில். மாத்திரை வாங்கிட்டு வா என்றால் ஓடுவேன், ஸ்கேன் எடுக்க வண்டி தள்ளு என்றால் தள்ளுவேன். மற்ற நேரம் வார்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உங்க அக்கா அப்போது பன்னிரண்டாவது. பரீட்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மா கால்மாட்டில் வைத்திருந்தாள், பிரிக்கவே இல்லை.

கொஞ்சம் தேறி வருகிறாள் என்று நினைத்த நேரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். அதோடு போய்விட்டாள். ரொம்ப நாள் வரைக்கும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அப்புறம் உங்க அக்கா நர்சிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். பெரம்பலூரில் சேர்த்துவிட்டேன். காலேஜ் பஸ் மெயின் ரோட்டுக்கு வரும், பைக்கில் கொண்டுபோய் ஏற்றிவிடுவேன். முதலில் எல்லாம் கிளாஸும் லேபும்தான். லேபில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை இருக்குமாம். அதைத்தான் புரட்டிப் படுக்க வைப்பதும் துடைத்துவிடுவதும். "ரொம்ப நல்ல பேஷண்ட்ப்பா. ஒண்ணுமே கேக்காது" என்பாள்.

வெயில் ஏறுகிற மாசம் போஸ்டிங் வந்தது. போஸ்டிங் என்றால் பொம்மையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நிஜமான நோயாளியைத் தொடுவது. பெரம்பலூரில் பொம்பளைங்க வார்டு. திங்கட்கிழமை ஆரம்பம்.

அந்த வாரம் முழுக்க பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளைக் கோட்டைத் துவைத்தாள். வெளியே காயப்போட்டால் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற தூசி படியும் என்று வீட்டுக்குள் கயிறு கட்டிப் போட்டாள். காய்ந்ததும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் துவைத்தாள். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டிக்கொண்டாள். அவள் கூடப் படிக்கிற பிள்ளைகள் போனில் என்னென்னவோ அனுப்பிக்கொண்டே இருந்தன. "நான் ரத்தத்தைப் பாத்து மயக்கம் போட்டா பேஷண்ட் மேல விழாம பாத்துக்கங்கடி" என்று ஒருத்தி பேசி அனுப்பியிருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. இவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நான் இது வெறும் பயம் என்றுதான் நினைத்தேன். முதல் முதலில் லோடு வண்டியை எடுத்த அன்றைக்கு எனக்கும் பயத்தில் கியர் சரியாக விழவில்லை. ஓட்ட ஓட்டத்தான் போனது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, அந்தப் பொம்மை என்ன வெயிட் இருக்கும்?"

"தூக்கிடலாம்ப்பா. ஏன்?"

"என்னைத் தூக்கு பாப்போம். நான் பேஷண்ட். திங்கக்கிழமை என்னென்ன செய்யணுமோ எல்லாத்தையும் எங்கிட்ட செஞ்சு பழகு."

கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். நீங்க அப்போது டியூஷனுக்குப் போயிருந்தீங்க.

"உங்களுக்கு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டாள், நர்ஸ் மாதிரி.

"பசிக்குது."

"அது வியாதி இல்லங்க."

"எனக்கு அது ஒண்ணுதாங்க வியாதி."

லேசாகச் சிரித்தாள். ஆளைக் கீழே இறக்காமலே பெட்ஷீட் மாற்றுவது ஒரு வித்தையாம். என்னை ஒருபக்கமாகப் புரட்டி, பழைய துணியைச் சுருட்டி என் முதுகுக்கு அடியில் தள்ளி, புதுசை விரித்து, மறுபக்கம் புரட்ட வேண்டும். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"உங்கள மாதிரி ஆள் வந்தா நான் என்னப்பா பண்ணுவேன்?"

"இன்னொருத்திய கூப்புடு. லாரி டயரையே ரெண்டு பேருதான் புரட்டுவோம்."

நாடி பிடித்தாள். "பேஷண்ட் பேசக்கூடாது, எண்ணுறேன்ல" என்று அதட்டினாள். ஜுரம் பார்த்தாள். என் பாதத்தைத் துடைத்துவிட்டாள், எனக்குக் கூச்சமாக இருந்தது. கை பதறாமல் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்தாள். இவளுக்கு என்ன பயம் என்று நினைத்தேன்.

கடைசியாக, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஊட்டிவிடுவது. என்னைச் சாய்த்து உட்கார வைத்து, தாடைக்குக் கீழே துண்டை மடித்துச் செருகினாள். டம்ளரில் தண்ணி மொண்டு வந்து ஸ்பூனால் எடுத்தாள். ஸ்பூன் என் வாய்க்கிட்ட வந்து நின்றுபோனது. பிறகு ஆட ஆரம்பித்தது. தண்ணியெல்லாம் என் கழுத்தில் வழிந்தது.

"என்ன பாப்பா?"

டம்ளரைத் தரையில் வைத்தாள். அவளும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டில் காலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

முந்தின மாசம் கிளாஸில் பக்கவாதம் பற்றிப் பாடம் எடுத்தார்களாம். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் மாதிரியே தொண்டையும் வேலை செய்யாமல் போகலாமாம். விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாயில் எதையும் கொடுக்கக்கூடாதாம். கொடுத்தால் வயிற்றுக்குப் போக வேண்டியது நெஞ்சுக்குள் போய்விடுமாம்.

"முதல்ல இருமல், அப்புறம் காய்ச்சல், அப்புறம் சளி கட்டும்னு மேடம் போர்டுல வரிசையா எழுதினாங்கப்பா. நம்ம அம்மாவப் பத்தி எழுதுற மாதிரி இருந்துச்சு."

"அம்மாவுக்கு மூக்கு வழியா குழாய்லதானே குடுத்தாங்க?"

"ஆமாம்ப்பா. வாயில எதுவும் குடுக்காதீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. சாப்பாட்டத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். தண்ணிய நான் அதுல சேக்கல."

நம்ம பக்கத்தில் யார்தான் சேர்ப்பார்கள்? இட்லி கொடுக்காதே, கஞ்சி கொடுக்காதே என்றால் நமக்குப் புரியும். ஆனால் வாசலில் வந்து நிற்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணி கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்போம். உயிர் போகிற நேரத்தில் பெற்ற பிள்ளை வந்து வாயில் தண்ணி விடவில்லை என்றால் ஊர் அதைக் காலத்துக்கும் சொல்லிக் காட்டும். நமக்குத் தண்ணி என்பது ஒன்றைக் கொடுப்பது என்கிற கணக்கிலேயே வராது. கேட்டவுடன் கை தானாகப் போய்விடும்.

"அம்மா இடது கையால கட்டைவிரல வாய்க்கிட்ட கொண்டுபோய்க் கொண்டுபோய் காட்டுச்சுப்பா. அத்தை அப்பதான் வந்தாங்க. 'வாய் காஞ்சு கெடக்குறா, பாத்துட்டு நிக்கிறியே, தாகத்தோட ஒரு உசுர விடக்கூடாதுடி'ன்னாங்க. பாட்டில் மூடியில ஊத்திக் குடுத்தேன். இருமுச்சு. மறுபடியும் கேட்டுச்சு. மறுபடியும் குடுத்தேன். மறுநாளு காய்ச்சல்."

நான் கட்டிலில் சாய்ந்தபடியே இருந்தேன். தாடைக்குக் கீழே துண்டு அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

"அதனாலதான் போனாளா?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. அதனாலயும் இருக்கலாம், அது இல்லாமயும் இருக்கலாம். எச்சில் உள்ள போனாலே கூட வருமாம். யாராலயும் சொல்ல முடியாது."

"மேடத்துகிட்ட கேட்டியா?"

"எப்படிப்பா கேக்குறது."

அப்புறம் சொன்னாள்: "திங்கக்கிழமை வார்டுல ஒருத்தர் தண்ணி கேட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்குக் குடுக்கவும் கை வராது, குடுக்காம நிக்கவும் தெரியாது. நான் போகலப்பா. படிப்ப விட்டுடுறேன்."

லேப் பொம்மை நல்ல பேஷண்ட் என்று அவள் சொன்னது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் ஞாயிறு. காலையில் உங்க அத்தை குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு வந்தது. என்னால் அடக்க முடியவில்லை, விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அத்தை தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு உங்க அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"நீ எங்கடி குடுத்த? நான் குடுக்கச் சொன்னேன், நீ குடுத்த. பாவம்னா அது எந்தலையில வரட்டும். நீ சின்னப் புள்ள, இத எதுக்குச் சுமந்துகிட்டுத் திரியிற?"

அத்தை சமாதானம் செய்கிறதாக நினைத்து மேலே மேலே பேசிக்கொண்டே போனது.

"தண்ணி குடுத்து யாராச்சும் சாவாங்களா? அவ நெஞ்சு குளுந்துதான் போனா. நாளைக்கு எனக்கே அப்படி வந்தாலும், டாக்டரு என்ன சொன்னாலும், என் வாயில தண்ணிய ஊத்திரு ஆயி."

"ஊத்த மாட்டேன் அத்தை."

"என்னது?"

"உங்களுக்கு வந்தா, உக்கார வச்சு, முழுங்க முடியுதான்னு பாக்கச் சொல்வேன். முடியும்னா குடுப்பேன். முடியாதுன்னா நீங்க எவ்ளோ கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"செத்தாலுமா?"

"ஆமா."

அத்தை என்னைப் பார்த்தது. "கேட்டியா தம்பி, உம்மக பேசுறத."

உங்க அக்கா குரலை உயர்த்தவில்லை. "இன்னொண்ணு அத்தை. இனிமே யார் ஆஸ்பத்திரியில கெடந்தாலும் போய் நின்னுகிட்டு தண்ணி குடு, தண்ணி குடுன்னு சொல்லாதீங்க. நல்லா இருப்பீங்க."

அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டது. அப்படியே எழுந்து போய்விட்டது, சாப்பிடாமல். உங்க அம்மாவைத் தன் கூடப் பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டது அது. கெடுதல் நினைத்துச் சொன்னது இல்லை. இது உங்க அக்காவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஆனால் அவள் அத்தையிடம் சொன்ன அந்த 'மாட்டேன்' எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இவளால் சொல்ல முடியும். வாயில் இருக்கிறது, கைக்குத்தான் வரவில்லை.

அன்றைக்கு எனக்குப் பகல் ஷிப்ட் இருந்தது. சுரங்கத்திலிருந்து பேக்டரிக்குக் கல் ஏற்றிப் போக வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒன்று முடிவு செய்துகொண்டேன். வண்டியில் எப்போதும் போல தண்ணி கேன் இருந்தது, தொடவில்லை. பங்குனி வெயில், இஞ்சின் சூடு, வெள்ளைத் தூசி. லோடு போடுகிற இடத்தில் ஒருத்தன் டீ நீட்டினான், வேண்டாம் என்றேன். "என்னண்ணே, மலைக்கு மாலையா? இது சீசன் இல்லியே" என்றான். "சும்மாதான்" என்றேன். திரும்பி வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் முழுங்கினால் முள் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து கை கால் கூடக் கழுவாமல் கட்டிலில் படுத்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"பாப்பா, பேஷண்ட் வந்திருக்கு."

"என்ன பேஷண்ட்?"

"தண்ணி கேக்குற பேஷண்ட்."

அவளுக்கு விளையாட்டில் மனசில்லை. "போங்கப்பா" என்றாள். அப்புறம் என் உதட்டைப் பார்த்தாள்.

"எப்பலேருந்துப்பா குடிக்கல?"

சொன்னேன். "உங்களுக்கென்ன பைத்தியமாப்பா" என்று அடுப்படிக்கு ஓடிச் சொம்போடு வந்தாள்.

"குடுக்காத. எனக்கு வாயில எதுவும் குடுக்கக்கூடாதுன்னு கேஸ் சீட்டுல எழுதியிருக்கு. நான் கேப்பேன். நீ குடுக்கக்கூடாது. பொய்யா கேட்டா உனக்குப் பழகாது, அதான் இப்படி."

சொம்பை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டேன். முதலில் நாடகத்தில் பேசுகிற மாதிரிதான் கேட்டேன். "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா." அவள் தலையை ஆட்டினாள். "இப்ப குடுக்க முடியாதுங்க." மறுபடியும் கேட்டேன். சொம்பு கண்ணுக்கு முன்னால் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாடகம் போய்விட்டது, நிஜமாகவே கேட்டேன். அவளும் நிஜமாகவே பின்னால் நகர்ந்தாள். அப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை. இடது கை தானாகத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரல் வாய்க்குப் போனது. அதை நான் யோசித்துச் செய்யவில்லை. சத்தியமாக.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். போதும், எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் சொம்பைத் தூர வைத்துவிட்டாள். பஞ்சை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். என் உதட்டை ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.

"தாகமாத்தான் இருக்கும். எனக்குத் தெரியுதும்மா. இப்ப குடுத்தா உங்க நெஞ்சுக்குள்ள போயிடும்மா. குழாய்ல வருது, வயித்துக்குப் போகுது. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."

நான் ஆம்பளை பேஷண்ட் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை. கையை வாய்க்கிட்டேயே வைத்துக்கொண்டேன். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குரல் உடைந்தது, நிற்கவில்லை. தெருவில் நீங்க வருகிற சத்தம் கேட்டபோதுதான் விட்டாள்.

நான் எழுந்து போய்க் குடத்தில் மொண்டு குடித்தேன். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து பைக்கில் ஏறினாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் லோடுக்குப் போனேன். அன்றைக்கு ஒரு இடத்தில் வண்டியைத் தப்பான பக்கம் ரிவர்ஸ் எடுத்துத் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கோட்டு கசங்கியிருந்தது. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாராச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா."

வாலிகண்டபுரத்துப் பக்கத்திலிருந்து காய்ச்சலுக்கு வந்து படுத்திருந்த ஒரு வயசான அம்மா. தண்ணி கொடு என்றதும் இவள், "இருங்கம்மா, கேட்டுட்டு வரேன்" என்று வார்டு சிஸ்டரிடம் போயிருக்கிறாள். சிஸ்டர் கேஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "அவங்க தாராளமா குடிக்கலாம், உக்கார வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் முடியாதுன்னு சொல்லத்தாம்ப்பா ரெடியா போனேன். குடுன்னு சொல்வாங்கன்னு நெனைக்கவே இல்ல."

டம்ளரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறாள். அந்த அம்மா, "என்னடி வெள்ளக்கோட்டு, தண்ணிக்குமா கையெழுத்து வாங்கணும்?" என்றதாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவங்க சிரித்தார்களாம்.

"அப்புறம்?"

"உக்கார வச்சேன். முதுகுக்குத் தலகாணி வச்சேன். ஒரு வாய் குடுத்தேன். தொண்டை ஏறி எறங்குறதப் பாத்தேன். அப்புறம் இன்னொரு வாய். முழு டம்ளரும் குடிச்சாங்கப்பா. இருமவே இல்ல."

"நல்லதுதானே பாப்பா."

"நல்லதுதாம்ப்பா." பைக்கில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ரோட்டில் ரெண்டு டிப்பர் போய்த் தூசி அடங்கட்டும் என்று நின்றேன். பின்னாலிருந்து சொன்னாள்: "அவ்ளோ சுளுவா இருந்துச்சுப்பா, தண்ணி குடுக்கிறது."

என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அம்மா செத்த அன்றைக்குக்கூட உங்க அக்கா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு உங்களைப் பிடித்துக்கொள்ளவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

வண்டியை எடுத்தேன். நம்ம வீட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. வாசலில் நீங்க ரெண்டு பேரும் நிற்பீங்க, எதிர்வீட்டில் பார்ப்பார்கள். திரும்பாமல் நேராக ஓட்டினேன். ஏரிக்கரை வரைக்கும் போனேன். அங்கே வளைத்து மறுபடியும் மெயின் ரோடு வரைக்கும் வந்தேன். மறுபடியும் ஏரிக்கரைக்குப் போனேன். எதுக்குப்பா சுத்துறீங்க என்று அவள் கேட்கவில்லை. என் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன், அவள் தலையை எடுக்கிற வரைக்கும்.